அப்பாவின் குதிகாலும் ஒட்டுக்கேட்கும் புரதமும்

காகிதப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. ஒளிர வேண்டியதுதான். ஆனால் இப்படியா?

பாப்பா நீல விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். கொஞ்சமாவது வெட்கப்பட்டு மங்கும் என்று நினைத்தாள். பட்டை முன்னைவிடத் துணிச்சலாகப் பச்சையைக் காட்டியது.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து குனிந்தார். நிமிரச் சற்று நேரம் பிடித்தது.

"யாரோட மாதிரி இது?"

"எங்கப்பாவோடது. குதிகால் புண்ணு."

"அப்பா எங்க, ஐசியூவிலயா?"

"வீட்லதான் மேடம். காலைல போன்ல பேசினாரு. மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே பேசினாரு."

"இவ்வளவு கிருமி கால்ல இருந்தா மனுஷன் துணி காயப்போட மாட்டார். அவரத் துணியில சுருட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றார் பேராசிரியை. "ஒண்ணு, உன் புரதம் தப்பு. இல்லன்னா உங்கப்பா தப்பு. எதுன்னு பாரு."

பாப்பா என்பது அவள் பெயரல்ல. முப்பதைத் தாண்டி முனைவர் பட்டமும் வாங்கியவளை ஆய்வுக்கூடமே அப்படிக் கூப்பிடுவதற்குக் காரணம் அவளுடைய அப்பாதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வுக்கூடத்துத் தொலைபேசிக்கு அழைத்து, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். எடுத்தது பேராசிரியை. அன்றோடு பட்டமும் போயிற்று, பெயரும் போயிற்று, பாப்பா நிலைத்துவிட்டது.

பாப்பா செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். கிருமிகள் பேசிக்கொள்ளும். வாயால் அல்ல. ஒவ்வொரு கிருமியும் தன்னைச் சுற்றிச் சின்னதாக ஒரு மூலக்கூறைக் கசியவிடும். 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?' என்று அதற்குப் பொருள். நாலைந்து பேர் இருந்தால் பதில் லேசாகத்தான் வரும்; கிருமிகளும் நல்ல பிள்ளைகளாக வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். கூட்டம் சேர்ந்து அந்த மூலக்கூறு ஓரளவுக்கு மேல் பெருகியதும், 'ஆள் சேர்ந்தாச்சு, ஆரம்பிக்கலாம்' என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். புண் சீழ்பிடிப்பது அதற்கப்புறம்தான். பாப்பா ஒரு புரதத்தைச் செய்து காகிதப் பட்டையில் பதித்திருந்தாள். அந்த மூலக்கூறு வந்து தொட்டால் புரதம் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். கிருமிகள் கிளம்புவதற்கு முன்பே அவற்றின் பேச்சைக் கேட்டுச் சொல்லிவிடும்.

இதை அப்பாவுக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கியபோது அவர் உன்னிப்பாகக் கேட்டார். அவர் டிரைவிங் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தால்தான் அவருக்கு மனதில் உட்காரும்.

"அதாவது, கிருமிங்க ரகசியம் பேசுறத இது ஒட்டுக்கேக்குது."

"ஆமாப்பா."

"கேட்டுட்டுச் சும்மா இருக்காம லைட்டப் போட்டு ஊருக்கே காட்டிக்குடுக்குது."

"ஆமா."

"நம்ம கீழ் வீட்டம்மா மாதிரி."

புரதம் தயார். சோதித்துப் பார்க்கத்தான் புண் கிடைக்கவில்லை. நோயாளிகளின் புண்ணிலிருந்து மாதிரி எடுக்க அனுமதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். அவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு இன்னொரு குழுவைக் கேட்டது. இரண்டு குழுவும் கூடிப் பேச நாள் பார்த்துக்கொண்டிருந்தன. 'கிருமிக்குக்கூடச் சீக்கிரம் ஆள் சேர்ந்துடுதுப்பா, இவங்களுக்குச் சேர மாட்டேங்குது' என்று அப்பாவிடம் போனில் புலம்பி, ஒருநாள் அழுதும்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் குதிகாலில் புண் வந்தது.

சர்க்கரைக்காரர், செருப்பு கடித்துவிட்டதாம். பாப்பா பதறிப்போய்ப் பார்க்க வந்தாள். பக்கத்துத் தெரு கிளினிக்கின் நர்ஸக்கா அதற்குள் பெரிதாகக் கட்டுப் போட்டிருந்தாள். "வலிக்குதாப்பா?" என்று கேட்கும்போதே பாப்பாவின் மனதின் ஒரு மூலையில், 'மாதிரி கிடைச்சாச்சு' என்று ஒரு துள்ளல். அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்பாவோ அவள் மனதைப் படித்தவர்போல, "உன் ஆராய்ச்சிக்கு இது ஆகுமா பாரு" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். பாப்பாவுக்குப் புண்ணைப் பார்த்தால் ஆகாது. கிருமிகளைக் கோடிக்கணக்கில் வளர்ப்பாள். கீறலைப் பார்த்தால் மயங்கி விழுவாள். ஒருமுறை அப்பாவின் கட்டைவிரல் கார் கதவில் நசுங்கியபோது ஆம்புலன்சில் போனது அப்பா அல்ல, பாப்பா.

"நீ ஏன் பாக்குற? கட்டுப் பிரிக்கும்போது நானே பஞ்சுக் குச்சியால ஒத்தி எடுத்து உன் சோதனைக் குழாய்ல போட்டு வைக்கிறேன். நீ வந்து வாங்கிட்டுப் போ" என்றார் அப்பா.

அப்படித்தான் வாரத்தில் இரண்டு நாள் பாப்பா நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வரத் தொடங்கினாள். அப்பா சமைத்து வைத்திருப்பார். சாப்பிடுவாள், பேசுவாள், குழாயை வாங்கிக்கொண்டு போவாள். முதல் பட்டை இளம்பச்சையாக ஒளிர்ந்ததும் போன் போட்டு, "அப்பா, வேலை செய்யுதுப்பா" என்று அவள் கத்திய கத்தலில் அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இன்னும் நல்லா வருமா?" என்று கேட்டார். "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள், என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே.

அடுத்த மாதிரி கொஞ்சம் கூடுதல் பச்சை. அதற்கடுத்தது இன்னும் கூடுதல். இன்றைக்கு வந்தது இந்த ஐசியூ பச்சை.

புரதம்தான் கெட்டிருக்கும் என்று பாப்பா முடிவுகட்டினாள். பழைய புரதத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தாள். செய்ததைப் பட்டையில் பதித்து, அப்பாவின் மாதிரியை ஒரு சொட்டு விட்டாள். முன்னைவிடப் பச்சை. புதிய புரதம் பழையதைவிட நன்றாக அமைந்துவிட்டிருந்தது.

அப்படியானால் மாதிரி எடுக்கும் விதத்தில் கோளாறு. அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, குச்சியத் தொடுறதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும். வேற எதுலயும் படக்கூடாது."

"வேற எதுலன்னா?"

"செவுரு, மேசை, பாத்திரம், எதுலயும்."

அப்பா கொஞ்சம் தயங்கினார். "பாத்திரத்துல படாது" என்றார்.

அடுத்த குழாயைத் திறந்தபோது எலுமிச்சை வாசனை அடித்தது. உள்ளே ஒரு தேயிலைத் துணுக்கு மிதந்தது.

"அது நர்ஸக்கா புதுசாப் போடுற களிம்பு வாசனை" என்றார் அப்பா போனில். "தேயிலை... டீ குடிச்சுக்கிட்டே எடுத்தேன்."

"புண்ணுக்குக் கட்டு மாத்தும்போது யாராச்சும் டீ குடிப்பாங்களாப்பா?"

"கால்தானம்மா அங்க இருக்கு. கை சும்மாத்தான இருக்கு."

அந்தக் குழாயும் பச்சையில் குறை வைக்கவில்லை.

"ஒரே வழிதான்" என்றார் பேராசிரியை. "நானே மாதிரி கலக்கித் தர்றேன். எதுல கிருமி, எதுல வெறும் தண்ணின்னு உனக்குச் சொல்ல மாட்டேன். உன் புரதம் சொல்லட்டும்."

பெயரெழுதாத குழாய்கள் வரிசையாக வந்தன. பாப்பா ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டு விட்டுவிட்டு நீல விளக்கின் முன் உட்கார்ந்தாள். இரவு பகலாகத் தூங்காமல் வளர்த்த புரதம் அது. அது தேறினால் அவளுக்குப் பேர், பதவி எல்லாம். ஆனால் அது தேறினால் அப்பாவின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. அவள் பட்டைகளின் அருகே குனிந்து, "தோத்துப் போயிடேன், ப்ளீஸ்" என்று மெதுவாகக் கேட்டாள்.

புரதம் கிருமிகளின் பேச்சைக் கேட்குமே தவிர அவள் பேச்சைக் கேட்கவில்லை. கிருமி இருந்த குழாய் எல்லாம் பச்சை. தண்ணீர்க் குழாய் எல்லாம் இருட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பேராசிரியை கைகொடுத்தார். பாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"முதல் மார்க் வாங்கிட்டு அழுற பிள்ளைய இப்பதான் பார்க்குறேன்" என்றார் பேராசிரியை. அப்புறம் குரல் இறங்கி, "வீட்டுக்குப் போம்மா. ஆராய்ச்சி எங்கயும் ஓடிடாது" என்றார்.

பாப்பா பெட்டியோடு அப்பா வீட்டில் வந்து இறங்கினாள். பெட்டியைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் ஒருமாதிரி ஆயிற்று.

"தங்கப் போறியா?"

"கால் சரியாகுற வரைக்கும்."

"அது... ஆக நாளாகுமே."

"ஆகட்டும்."

அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். நொண்டிக்கொண்டே போனார். பாப்பா பின்னாலிருந்து பார்த்தாள்.

"அப்பா, கட்டு இடது கால்ல இருக்கு. நீங்க வலது கால நொண்டுறீங்க."

அப்பா நடுக்கூடத்தில் பிரேக் போட்டாற்போல நின்றார். "புண்ணு இந்தப் பக்கம்னா பாரம் பூரா அந்தப் பக்கம்தான விழும்? அதான் அது வலிக்குது."

நியாயம்தான் என்று பாப்பாவுக்குப் பட்டது. பாவம், இன்னொரு காலும் போயிற்று என்று மனம் கலங்கினாள். அவரை நாற்காலியில் உட்கார்த்தி, காலுக்கடியில் தலையணை வைத்து, நகரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். பிறகு வீட்டிலுள்ள கிருமிகளை ஒழிக்கப் புறப்பட்டாள். தரையில் மருந்து, கதவுக் கைப்பிடியில் மருந்து, டிவி ரிமோட்டில்கூட மருந்து. மருந்து பாட்டிலோடு அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"சிங்க்ல ஊத்திடாதே."

"ஏம்பா?"

"குழாய் அரிச்சுடும். பழைய குழாய்."

அன்று சாயங்காலம் மழை வந்தது. பாப்பா சன்னலைச் சாத்துவதற்குள் நாற்காலி காலி. அப்பா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி, கொடியிலிருந்த துணி அத்தனையையும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் இறங்கி வந்தார். கடைசிப் படியில் மகளைப் பார்த்தார். அப்புறம்தான் நொண்ட வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது. எந்தக் காலை என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

"வலிக்கலையா அப்பா?" என்றாள் பாப்பா.

மகளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா சிரித்தபடி, "துளிகூட வலி இல்லம்மா. இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார்.

பாப்பாவுக்கு அதுதான் இன்னும் பயமாகிவிட்டது. சர்க்கரைக்காரர்களின் காலில் நரம்பு செத்துவிட்டால் வலி தெரியாது. புண் எலும்பு வரை போனாலும் தெரியாது. அவள் படித்த புத்தகம் எல்லாம் அதைத்தான் சொல்லியிருந்தது. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள் இப்போது அறுவை மருத்துவர். போனில் பாப்பா பாதி சொல்லும்போதே அவள், "நீ அழாத. காலைல ட்யூட்டிக்குப் போற வழியில வந்து பாக்குறேன்" என்றாள்.

மறுநாள் டாக்டர் தோழி வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளே குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அப்பா, டாக்டர் வந்திருக்கா."

"குளிச்சிக்கிட்டிருக்கேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கலையே."

உடனே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. மேல்தொட்டி காலியாகும்வரை கேட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக நின்றது.

டாக்டர் தோழி கதவருகே போனாள். "அப்பா, நீங்களா வெளிய வர்றீங்களா, இல்ல நான் கதவ ஆபரேஷன் பண்ணட்டுமா?"

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. அப்பா ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படாமல் வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுக்க வழியில்லாத சந்தில் மாட்டிக்கொண்டவர்போலக் காலை நீட்டினார்.

பாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கட்டுத்துணி பிரியும் சத்தம் கேட்டது. அது பிரிந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"என்னடி, பெருசா?"

"பெருசுதான்" என்றாள் தோழி. "ஒன்பதாம் நம்பர் செருப்பு வேணும்."

"புண்ணக் கேக்குறேன்டி."

"நீ திரும்பலாம். மயக்கம் வராது."

பாப்பா விரலிடுக்கில் பார்த்தாள். அப்பாவின் குதிகால் விளம்பரத்துக்குக் கொடுக்கலாம்போல மொழுமொழுவென்று இருந்தது. தோழி குச்சியால் இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்தாள். அப்பாவுக்குக் கூச்சம் தாங்காமல் கால் துள்ளியது. நரம்பும் பழுதில்லை.

"அது எப்பவோ ஆறிடுச்சு" என்றார் அப்பா தரையைப் பார்த்து.

"அப்ப நீங்க குடுத்த பஞ்செல்லாம்?"

அப்பா மோவாயால் அடுப்படிப் பக்கம் காட்டினார். மூன்று பேரும் அங்கே பார்த்தார்கள்.

"சிங்க்குக்கு அடியில வளைஞ்சு ஒரு குழாய் போகுதில்ல" என்றார் அப்பா. "அதுக்குள்ள விட்டு எடுத்தேன்."

தோழி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, பாப்பாவின் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள்.

"ஏய், யோசிச்சுப் பாருடி. புண்ணுன்னு பொய் சொல்லிக் குடுத்தும் உன் பட்டை ஏமாறலையே. இங்க பெரிய கூட்டம் கூடியிருக்குன்னு கரெக்டாச் சொல்லியிருக்கு. எங்க ஆஸ்பத்திரியில இருக்குற சிங்க்கெல்லாம் வந்து பாரேன். நோயாளிங்களுக்குப் பாதித் தொந்தரவு அங்கேருந்துதான் வருது. சிங்க்கத் தொடுறதுக்கு எந்தக் குழுகிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்."

தோழி ட்யூட்டிக்குக் கிளம்பிப் போனாள். பாப்பாவுக்கு முதலில் உயிர் வந்தது. அப்பாவின் கால் நன்றாக இருக்கிறது. அடுத்து கோபம் வந்தது. எத்தனை நாள் தூக்கம் போயிற்று. வாயைத் திறந்தாள். அப்பா கழற்றிய கட்டுத்துணியை மடியில் வைத்துச் சின்னச் சின்னதாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும் வீடு, ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று.

"நான் வரணும்னுதானப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர் அதை விழுங்கினார்.

"வேற எதுக்கும்மா" என்றார்.

"கூப்பிட்டா வர மாட்டேனாப்பா? இதுக்கு ஒரு புண்ணு வேணுமா?"

"தப்புத்தான்."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த நல்ல காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவினார். இனிமேல் வாரத்தில் இரண்டு நாள், குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன் என்று அவள் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. பேராசிரியைக்கு அவள் போனில் நடந்ததைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "உங்கப்பாவ ஒருநாள் இங்க கூட்டிட்டு வா. நம்ம சிங்க்கையும் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

ஒரே ஒரு ஆள்மேல் மட்டும் பாப்பாவுக்கு மனத்தாங்கல் மிச்சமிருந்தது. அன்று மத்தியானம் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாள். கூட்டமில்லை. நர்ஸக்கா மேசையில் சாய்ந்து பஞ்சைக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. மகளைப் பாக்கணும்னு அவருக்கு ஆசை, அது சரி. ஆறிப்போன காலுக்கு நீங்களும் இத்தன நாளா கட்டுப் போட்டு விட்டீங்களே."

நர்ஸக்கா உருட்டுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புண்ணுன்னு ஒண்ணு வந்தாத்தானம்மா ஆறுறதுக்கு? 'ஆஸ்பத்திரியில எம்பொண்ணுக்குப் புண்ணு தரமாட்டேங்குறாங்களாம், அழுவுறா, இந்தக் கால்ல எங்க கீறினா ரொம்ப நாள் ஆறாம இருக்கும்'னு பிளேடும் கையுமா வந்து நின்ன மனுஷன, வெறும் கட்டப் போட்டு, இதுவே போதும்னு சமாளிச்சு வீட்டுக்கு அனுப்புனது நான்தாம்மா."